முதலில் சுவர், பிறகு பைப்

அன்புள்ள குட்வில் எஸ்டேட் தம்பி தங்கைகளே, புதிதாகக் குடித்தனம் தொடங்கியிருக்கும் பிள்ளைகளே,

ஜி.ஐ. பைப்பால் புத்தக அலமாரியோ சமையலறைத் தட்டோ நீங்களே கட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை உங்களில் பலருக்கு வந்திருக்கிறது. கைபேசியில் படத்தைக் காட்டி, "இது நம்மால் முடியுமா?" என்று கேட்கிறீர்கள். கறுப்புப் பைப், தடித்த பலகை, எல்போவும் டீயும் வெளியே தெரிகிற மாதிரி ஒரு சட்டகம். முடியும். ரிஞ்சு பிடித்துப் பழகாத கையும் ஒரு விடுமுறை நாளில் கட்டி முடிக்கக்கூடிய வேலைதான். பைப் வேலையிலேயே வயதைக் கழித்தவன் என்ற முறையில், உங்கள் கையில் கருவி ஏறுவதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. ஆனால் அந்தப் படங்களை எடுத்தவர்கள் நம் அந்தமான் தீவில் இருப்பவர்கள் இல்லை. அவர்களுக்குச் சுவர் ஒரு பின்னணி. நமக்குப் பாதி வேலையே சுவரில்தான். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை 6.28 மணி. உங்களில் சிலர் அப்போது பிறந்திருக்கவே மாட்டீர்கள். உந்தத்திறன் அளவுகோலில் 9.1 என்று பதிவான அந்த அதிர்வுக்குப் பிறகு தெற்கு அந்தமானின் தரையே ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்துபோனது. சிப்பிகாட் வயல்களில் கடல்நீர் புகுந்து நின்றதை இப்போதும் போய்ப் பார்க்கலாம். அதற்கு முன் 1941 ஜூன் 26 அன்றும் பெரிய நிலநடுக்கம் ஒன்று இந்தத் தீவுகளை உலுக்கியது. கட்டடங்களுக்கான இந்தியத் தரநூலான ஐ.எஸ். 1893, அதன் 2016 பதிப்பில், அந்தமான் நிக்கோபார் முழுவதையும் 5ஆம் மண்டலத்தில் வைத்தது. அந்த வரைபடத்தில் அதற்கு மேல் மண்டலம் கிடையாது. இதை உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. அலமாரியின் எடை எப்போதும் கீழ்நோக்கியே இழுக்கும் என்று நினைத்துக் கட்டுகிறோம். பூமி ஆடும்போது அதே எடை பக்கவாட்டில் தள்ளும். ஆறடி உயரப் பைப் சட்டகத்தின் உச்சியில் நாற்பது கிலோ புத்தகம் இருந்து, மேலே எந்தப் பிடிப்பும் இல்லை என்றால், அது கட்டிலின் மேல்தான் வந்து விழும்.

பூமி ஆடாத ஊரிலும் இந்தக் கதை உண்டு. 2016 ஜூனில் ஐகியா நிறுவனம் அமெரிக்காவில் 2 கோடியே 90 லட்சம் இழுப்பறை அலமாரிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. சுவரோடு பிணைக்காத அலமாரிகள் குழந்தைகள் மேல் சாய்ந்து உயிர் போனதுதான் காரணம். திருப்பித் தர விரும்பாதவர்களுக்கு அந்த நிறுவனம் கொடுத்தது சுவரில் பிணைக்கும் ஒரு சிறு பூட்டு. இரண்டு வயதுக் குழந்தைக்குத் தட்டுகள் எல்லாம் ஏணிப்படிகள்தான். பைப் அலமாரியோ ஏறுவதற்கு இன்னும் வசதி.

ஆகவே பைப் வாங்கக் கிளம்புவதற்கு முன், சுவரைத் தட்டிப் பாருங்கள். நம் தீவில் பொதுவாக மூன்று வகைச் சுவர். பழைய பலகைச் சுவர் என்றால் வேலை எளிது. பலகையின் மேல் வரிசையாக ஆணித்தலைகள் தெரியும் இடத்தில்தான் பின்னால் சட்டம் நிற்கிறது. பிளாஞ்சை, அதாவது பைப்பின் முனையில் மாட்டிச் சுவரில் திருகும் வட்டத் தகட்டை, அந்தச் சட்டத்தின் மேல் வைத்து நீண்ட திருகால் முடுக்குங்கள். வெறும் பலகையில் மாட்டாதீர்கள். செங்கல் சுவரானால் சாந்து பூசிய இடத்தில் துளை போட்டு, செங்கல்லின் உடம்பில் பிளக் உட்காரும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். இணைப்புச் சாந்தில் விழுந்தால் பிடிக்காது.

சிக்கல் ஹாலோ பிளாக் சுவரில்தான். வெளித்தோடு ஓர் அங்குலமோ அதற்குச் சற்றுக் கூடவோ இருக்கும், உள்ளே வெற்றிடம். சாதாரண ராவல் பிளக் அதில் கைக்கு இறுகினதுபோல் தெரியும், சுமை ஏறியதும் சாந்தோடு பெயர்ந்து வரும். இப்படிப்பட்ட வீட்டில் நான் தேடுவது லின்டல் பட்டை. கதவு, ஜன்னல் தலைக்கு மேல், தரையிலிருந்து ஏறத்தாழ ஏழடி உயரத்தில், சுவரைச் சுற்றி ஓடும் கான்கிரீட் பட்டை அது. நிலநடுக்கத்தில் சுவர்கள் தனித்தனியாகப் பிரிந்து விழாமல் கட்டிவைக்கத்தான் அதைப் போடச் சொல்கிறார்கள். சுத்தியல் காம்பால் சுவரைக் கீழிருந்து மேலாகத் தட்டிக்கொண்டே போனால், டொப் டொப் என்று ஒலித்த சுவர் ஓர் இடத்தில் கெட்டியாக ஒலிக்கும். அதுதான் பட்டை. உங்கள் அலமாரியின் உச்சிப் பிளாஞ்ச் அங்கே போய் உட்காரட்டும். அலமாரியின் உயரத்தைப் படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அந்தப் பட்டையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பட்டை இல்லாத சுவரானால், ஒரு தூணிலிருந்து அடுத்த தூண் வரை கனமான மரச்சட்டம் ஒன்றை ஆங்கர் போல்ட்டால் பூட்டி, அந்தச் சட்டத்தில் பிளாஞ்சுகளை மாட்டலாம்.

துளை போடுவதில் கவனிக்க வேண்டியவை கொஞ்சம் இருக்கின்றன. சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் நேர் கீழும் கை வைக்காதீர்கள், ஒயர் குழாய் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் போகும். கான்கிரீட்டில் டிரில் பிட் சட்டென்று நின்று, உலோகச் சத்தம் கேட்டால் உள்ளே கம்பி. விடாப்பிடியாகக் குடையாமல் இரண்டு அங்குலம் தள்ளிப் போடுங்கள். நம் காற்றில் கம்பி வெளியே தெரிந்தால் துருப்பிடித்து உப்பி, பூச்சையே பிளந்துவிடும். வேண்டாமென்று விட்ட துளையையும் சிமென்டால் அடைத்துவிடுங்கள். துளைக்குள் தங்கிய தூளை ஊதி எடுத்துவிட்டுப் பிளக்கைச் செருகுங்கள். தூளோடு செருகினால் பிளக் தூளைத்தான் பிடிக்கும், சுவரை அல்ல. வாடகை வீடானாலும் அரசுக் குடியிருப்பானாலும் டிரில்லைத் தொடும் முன் அனுமதி வாங்கிவிடுங்கள்.

இப்போது அமைப்பு. படங்களில் அழகாக இருப்பது கால் இல்லாமல் சுவரிலிருந்து மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் தட்டு. தொடங்குகிறவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். கணக்கு இதுதான்: சுவரிலிருந்து ஐந்து அங்குலம் தள்ளி இருபது கிலோ எடை நிற்கிறது, பிளாஞ்சின் மேல் திருகுக்கும் கீழ் திருகுக்கும் இடையே இரண்டு அங்குலம்தான் இடைவெளி என்றால், மேல் திருகுகளை ஏறத்தாழ ஐம்பது கிலோ விசை சுவரிலிருந்து பிடுங்கப் பார்க்கும். எந்நேரமும், இரவும் பகலும். தரை வரை கால் இறங்கினால் எடை முழுவதும் தரைக்குப் போய்விடும். சுவருக்குச் சாயாமல் பிடிக்கும் வேலை மட்டும் மிஞ்சும். ஆகவே இரண்டு அல்லது மூன்று நிலைக்கால்கள், ஒவ்வொன்றின் உச்சியிலும் ஓர் எல்போ, எல்போவிலிருந்து சுவருக்கு ஒரு சிறு நிப்பிள், நிப்பிளின் முனையில் பிளாஞ்ச். காலில் தட்டுக்குத் தட்டு ஒரு டீ. டீயிலிருந்து சுவரை நோக்கி நீளும் துண்டுப் பைப்பின் மேல் பலகை உட்காரும். முதல் அலமாரிக்கு இது போதும்.

பைப் முக்கால் இஞ்ச் எடுங்கள். கடையில் முக்கால் இஞ்ச் என்று சொன்னாலும் வெளிவிட்டம் 26.9 மில்லிமீட்டர், அதாவது ஓர் அங்குலத்துக்கு மேல். பலகையில் துளை போடுகிறவர்கள் இதை மறந்துவிடுவார்கள். பைப்பின் மேல் வண்ணப் பட்டை இருக்கும். ஐ.எஸ். 1239 முறைப்படி மஞ்சள் லைட், நீலம் மீடியம், சிவப்பு ஹெவி. நீலம் கேட்டு வாங்குங்கள். மஞ்சளில் மரை போட்டால் அந்த இடத்தில் மிஞ்சும் தகடு மிக மெலிந்துவிடும். நீலப்பட்டை முக்கால் இஞ்ச் பைப் ஆறு மீட்டர் நீளத்தில் ஒன்பது கிலோவுக்கு மேல் இருக்கும், பேருந்தில் கொண்டுவர முடியாது. அளவு எழுதிய தாளோடு போய்க் கடையிலேயே அறுத்து மரை போட்டு வாங்கிவந்துவிடுங்கள். வெட்டிய வாயின் உட்பக்கம் கத்தி போல் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக உருண்டை அரத்தால் அதை மழுக்குங்கள்.

அளவு எழுதுவதில் ஒரு நுணுக்கம். ஒவ்வொரு முனையிலும் ஏறத்தாழ அரை அங்குலப் பைப் டீக்குள் போய்விடும். தட்டுக்கும் தட்டுக்கும் இடைவெளியை டீயின் நடுவிலிருந்து அடுத்த டீயின் நடு வரை கணக்கிட்டு, அதிலிருந்து டீயின் உடல் பங்கைக் கழித்து, உள்ளே போகும் மரை நீளத்தைக் கூட்டினால்தான் சரியான துண்டு கிடைக்கும். இரண்டு டீ, ஒரு நிப்பிள் மட்டும் முதலில் வாங்கி, கையால் முடுக்கி அளந்து பார்த்துவிட்டு மற்றதை எழுதினால் எந்தத் துண்டும் வீணாகாது. சென்னையிலிருந்து கப்பல் ஏறி மூன்று நாள் கடலில் வந்து, ஹேடோ துறையில் இறங்கிக் கடைக்கு வரும் பொருள் அது. ஒவ்வொரு துண்டின் விலையிலும் அந்தக் கடல் பயணம் சேர்ந்திருக்கிறது.

இணையத்தில் வெளிநாட்டு பிளாஞ்சுகளைத் தனியாக வரவழைக்க நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். நம் நாட்டுப் பைப் மரை பிரிட்டிஷ் முறை, மரைப்பல்லின் கோணம் 55 பாகை. அமெரிக்க முறையில் 60 பாகை. அரை இஞ்சிலும் முக்கால் இஞ்சிலும் இரண்டுக்கும் அங்குலத்துக்குப் பதினான்கு மரை என்பதால் ஓரிரு சுற்று ஏறி ஏமாற்றும், பிறகு கடித்துக்கொண்டு நிற்கும். எல்லாவற்றையும் ஒரே கடையில் வாங்குவது நல்லது.

முதல்முறை செய்கிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் திணறுகிறார்கள். அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். மரை எல்லாமே வலஞ்சுழி. ஒரு பைப் துண்டின் இரண்டு முனையிலும் மரை இருக்கிறது. இடப்பக்கம் ஒரு டீ, வலப்பக்கம் ஒரு டீ, இரண்டும் ஏற்கெனவே சட்டகத்தில் நிலைத்துவிட்டன என்று வையுங்கள். நடுவில் இருக்கும் பைப்பை இடப்பக்க டீக்குள் ஏறும்படி சுற்றினால், அதே சுற்றில் வலப்பக்க டீயிலிருந்து கழன்றுகொண்டு வரும். எவ்வளவு பலம் கொடுத்தாலும் இரண்டும் ஒருசேர இறுகாது. நாலு பக்கமும் மூடிய பெட்டியாக வரைந்தவர்கள் கடைசி மூட்டில் வந்து இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். தப்பிக்க இரண்டு வழி. மூடிய பெட்டியே வராமல், ஒவ்வொரு துண்டின் ஒரு முனையாவது பலகையிலோ பிளாஞ்சிலோ எண்ட் கேப்பிலோ முடியும்படி வரைவது. மேலே நான் சொன்ன அமைப்பு அப்படிப்பட்டதுதான். பெட்டி தவிர்க்க முடியாது என்றால், மூடும் பக்கத்தின் நடுவில் ஒரு யூனியன் போடுவது. யூனியனின் இரண்டு பாதியும் தனித்தனியாக அந்தந்தப் பைப்பில் ஏறிக்கொள்ளும், நடுவிலுள்ள நட்டை முடுக்கினால் இரண்டும் சேர்ந்துவிடும். தண்ணீர் லைனில் பம்ப் பக்கத்தில் பார்த்திருப்பீர்களே, அதேதான்.

மரை கூம்பு வடிவம் என்பதால், டீ எந்த இடத்தில் இறுகி நிற்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. கையால் முடுக்கி நின்றதும் ஒரு ரிஞ்சால் பைப்பைப் பிடித்து, இன்னொரு ரிஞ்சால் டீயைச் சுற்றிச் சுவரின் பக்கம் திருப்புங்கள். முக்கால் சுற்று, ஒரு சுற்று போகும். தாண்டிப் போய்விட்டால் பின்னோக்கித் திருப்பி அப்படியே விடாதீர்கள், அந்த மூட்டு தளர்ந்துதான் இருக்கும். அடுத்த சுற்றுக்குக் கொண்டுபோங்கள், இல்லையென்றால் வேறு நிப்பிள் எடுத்துப் பாருங்கள். தண்ணீர் ஓடாத பைப் என்பதால் டெஃப்லான் டேப் தேவையில்லை. ரிஞ்சின் பல் பைப்பில் பதியாமல் இருக்கப் பழைய துணியை மடித்து வைத்துப் பிடிக்கலாம்.

மரை போடவே வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொரு வகையும் உண்டு. 1934இல் இங்கிலாந்தில் பால் கறக்கும் கொட்டகைகளுக்காக உருவான கீ கிளாம்ப் என்ற மூட்டு. பைப்பை உள்ளே விட்டுப் பக்கத் திருகை ஆலன் கீயால் முடுக்கினால் போதும். அந்த மாதிரிக் கிளாம்புகளை வரவழைக்க முடிந்தால் மட்டம் திருத்துவது மிகச் சுலபம்.

கால்கள் எழுந்ததும் மட்டம் பாருங்கள். ஒரு காலின் டீக்கும் இரண்டரை அடி தள்ளியுள்ள அடுத்த காலின் டீக்கும் மட்டம் பார்க்கச் சிறிய ரசமட்டத்தை விடக் கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் துல்லியமானது. கண்ணாடி போன்ற குழாயில் தண்ணீர் நிரப்பி, காற்றுக் குமிழி இல்லாமல், இரு முனையையும் இரு கால்களோடு சேர்த்துப் பிடித்தால் தண்ணீரே சொல்லிவிடும். தரை ஏற்றத்தாழ்வை அடியில் ரப்பர் வைத்துச் சரிசெய்யுங்கள். ரப்பர் இன்னொரு காரணத்துக்கும் வேண்டும். தினமும் வீடு துடைக்கிறோம், அந்த ஈரம் கால் தரையில் நிற்கும் பிளாஞ்சின் அடியில் தங்கினால் முதல் துரு அங்கேதான்.

துரு என்றதும் நிறத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. படங்களில் வருவது பெரும்பாலும் துத்தநாகம் பூசாத கறுப்புப் பைப். கடல் காற்றும் மாதக்கணக்கில் மழையும் உள்ள நம் வீட்டில் அது தாங்காது. ஜி.ஐ. எடுத்துக் கறுப்புச் சாயம் அடியுங்கள். ஆனால் சாதாரண எனாமலை நேராக ஜி.ஐ. மேல் அடித்தால் சில மாதங்களில் தோல் தோலாக உரியும். எனாமலில் உள்ள எண்ணெய், துத்தநாகத்தோடு சேர்ந்து அடியில் சோப்பு போன்ற ஒரு படலத்தை உண்டாக்கிவிடுகிறது. முதலில் தின்னரில் நனைத்த துணியால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, ஜி.ஐ.க்கென்றே விற்கும் எட்ச் பிரைமர் ஒரு கை அடித்து, அதன் மேல் நிறம் கொடுங்கள். மரை போட்ட இடத்தில் துத்தநாகம் சீவப்பட்டுவிடுகிறது. டீக்கு வெளியே தெரியும் இரண்டு மூன்று மரைகளில் ஜிங்க் பெயின்ட் தொட்டு வையுங்கள். அலமாரி எத்தனை மழைக்காலம் தாங்கும் என்பது அந்த மரைகளில்தான் இருக்கிறது. திருகுகள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும்.

யாராவது "மூட்டுகளை வெல்டிங் வைத்துவிடலாமே" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஜி.ஐ. பைப்பைச் சூடாக்கினால் கிளம்பும் வெள்ளைப் புகை துத்தநாகப் புகை. அதைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் உடல்வலியும் வரும். நம் வீட்டு அலமாரிக்காக ஒரு வெல்டர் பையன் அடைத்த அறைக்குள் உட்கார்ந்து அதைச் சுவாசிக்க வேண்டியதில்லை.

பலகைக்கு அந்தமான் படாக் கிடைத்தால் அதற்கு இணையே இல்லை. அந்தச் சிவப்பும் வரிகளும் கறுப்புப் பைப்பின் மேல் உட்காரும் அழகு தனி. ஆனால் 1883இல் தொடங்கிய சாத்தம் மர அறுவை ஆலையின் காலம் போல் இன்று மரம் கொட்டிக் கிடக்கவில்லை. 2002 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணைக்குப் பிறகு இங்கே மரம் வெட்டுவது மிகவும் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. அது சரியான ஆணை என்பது என் கருத்து. புது மரம் வாங்கினால் ரசீதோடு வாங்குங்கள். அதைவிட நல்லது, இடிக்கிற பழைய மரவீட்டுப் பலகையைக் கேட்டு வாங்குவது. பல பத்தாண்டு காற்றைக் குடித்து உலர்ந்த பலகை இனி வளையாது. பிளைவுட் என்றால் எம்.ஆர். என்று எழுதியது வேண்டாம், பி.டபிள்யூ.ஆர். அல்லது ஐ.எஸ். 710 முத்திரை பார்த்து வாங்கி, வெட்டிய ஓரங்களை வார்னிஷால் மூடுங்கள். மரத்தூள் பலகை நம் ஈரத்தில் ரஸ்க் போல் ஊறிவிடும்.

கால்களின் இடைவெளியில் பேராசை வேண்டாம். சுமை சீராகப் பரவிய பலகையில், தாங்கும் இடைவெளியை இரட்டிப்பாக்கினால் தொய்வு பதினாறு மடங்காகும். இரண்டரை அடிக்கு ஒரு கால் என்று வையுங்கள். கனமானவை கீழ்த்தட்டில். தண்ணீர் விடும் நேரம் பார்த்துப் பிடித்து வைக்கிற நம் வீடுகளில், இருபது லிட்டர் கேனை மேலே தூக்கி வைக்கத் தோன்றும். இருபது கிலோவுக்கு மேல் எடை அது, தரையிலேயே இருக்கட்டும். ஒவ்வொரு பலகையையும் அடியிலிருந்து கிளாம்ப் போட்டுப் பைப்போடு பூட்டுங்கள், வெறுமனே வைக்காதீர்கள். மேல் தட்டுகளின் முன் ஓரத்தில் மூன்று அங்குல உயரத்தில் மெல்லிய கம்பியோ கயிறோ ஒன்று ஓடட்டும், அதிர்ந்தால் பாட்டில்களும் புத்தகங்களும் வழுக்கி வராது. தலை வைத்துப் படுக்கும் இடத்துக்கு மேல் எந்தத் தட்டும் வேண்டாம். குழந்தையின் தொட்டில் பக்கத்திலும் வேண்டாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த வேலைக்குத் தேவையானவை இரண்டு பைப் ரிஞ்சு, ஒரு ஹேமர் டிரில், ஒரு டியூப் லெவல், ஓர் உருண்டை அரம், கண்ணுக்கு ஒரு கண்ணாடி. வீட்டுக்கு வீடு வாங்கினால் ஒருமுறை எடுத்துவிட்டு, பிறகு அட்டாலியில் கிடந்து துருப்பிடிக்கும். ஹேமர் டிரில் இல்லாத காரணத்தால்தான் பலர் அலமாரியைச் சுவரோடு பிணைக்காமல் விட்டுவிடுகிறார்கள் என்பதைப் பார்த்துவருகிறேன். எஸ்டேட்டுக்குப் பொதுவாக ஒரு செட் வாங்கிவைப்போம். என் பங்குக்கு இரண்டு ரிஞ்சுகளைத் தந்துவிடுகிறேன், பதினான்கு இஞ்சில் ஒன்று, பதினெட்டு இஞ்சில் ஒன்று. டிரில்லுக்கு மட்டும் சேர்ந்து பணம் போடுங்கள். யார் வீட்டில் வைப்பது, யார் கணக்குப் பார்ப்பது என்று நீங்களே பேசி முடிவு செய்து சொல்லுங்கள். ஏற்கெனவே பிணைக்காமல் நிற்கும் அலமாரிகள் யார் யார் வீட்டில் இருக்கின்றன என்று ஒரு பட்டியலும் எடுங்கள், முதலில் அந்த வீடுகளுக்குப் போவோம்.

அன்புடன்,
உங்கள் பைப் வேலைக்கார அண்ணன்